கேன்டீனில் நடந்த விஞ்ஞான இங்கிலீஷ் வகுப்பு

தொழிற்சாலைக்குள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவருக்கு முதலில் வேண்டியது படிப்பு அல்ல, தொண்டை. சுவருக்கு அந்தப் பக்கம் பவர் பிரஸ் 'டங்கு டங்கு' என்று இடித்துக்கொண்டிருக்கும்போது 'கோஎஃபிஷியன்ட் ஆஃப் ஃப்ரிக்‌ஷன்' என்று ஒரு தடவை கத்திப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

ஒரு வேலைக்கென்று சேர்ந்து, இன்னொரு வேலை தலையில் கட்டப்பட்டவர்கள் இதைப் படிக்க உட்காரலாம். நீங்கள் எல்லோரும் எனக்கு உறவு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் நான் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். எழுபதுகளின் ஆரம்பம். பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவள் என்று விண்ணப்பத்தில் எழுதியது என் தப்பு. ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றோடு கூட்டு ஏற்பட்டிருக்கிறது, பெரிய பம்புகள் செய்யப்போகிறோம், செய்த சாமானைச் சோதித்துப் பார்க்க இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு திறக்கிறோம் என்றார். அதில் மூன்று இடம். நம் தொழிலாளிகளிலிருந்தே ஆள் எடுக்கலாம், ஆனால் வெள்ளைக்கார இன்ஜினீயர் வந்து இங்கிலீஷில் கேள்வி கேட்பார். யாரும் தேறாவிட்டால் வெளியிலிருந்து டிப்ளமோக்காரர்களை எடுத்துவிடுவார்கள். ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், மூன்று மாதம் இருக்கிறது.

"நீ பௌதிகம்தானே?" என்றார். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த ஆட்டலுக்கு மூன்று மாதம் பலன் அனுபவித்தேன்.

அரைப் பலகை

வகுப்பு நடக்க இடம் கேன்டீன், நேரம் ஷிஃப்ட் முடிந்த நாலரை மணி. கரும்பலகை என்று தனியாக ஒன்று கிடையாது. அன்றைய சாப்பாட்டை எழுதிப்போடும் பலகைதான் எனக்கும். கேன்டீன் நடத்திய முனுசாமி மேல்பாதியை விட்டுக்கொடுக்க மறுத்துவிட்டார். ஆகவே மேலே 'தக்காளி சாதம், அப்பளம், மோர்' என்று இருக்க, அதற்குக் கீழே 'டென்சிட்டி, விஸ்காசிட்டி, எலாஸ்டிசிட்டி' என்று எழுதினேன்.

மறுநாள் நோட்டுப் புத்தகங்களை வாங்கிப் பார்த்தால் ஏழு பேரில் நாலு பேர் தக்காளி சாதத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். டீச்சர் பக்கத்திலிருக்கும் பலகையில் எது இருந்தாலும் அது பாடம் என்ற மரியாதை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. முனுசாமியிடம் போய், "ஒரு மணி நேரத்துக்காவது மேல்பாதியை அழிக்கக்கூடாதா?" என்றேன். கரண்டியைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்: "ஏம்மா, உன் இங்கிலீசு நாளைக்கும் இருக்கும். தக்காளி சாதம் இன்னிக்கி ஒரு நாளைக்கித்தான்."

ஏழுமலை கேட்டது

வகுப்பில் ஏழுமலை என்று ஒரு டர்னர். நெமிலிச்சேரிக்காரர், நாற்பதை நெருங்கிய வயது. அவருடைய அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை பார்த்தவர். மகன் பதினாறு வருஷமாக லேத்து முன்னால் நிற்கிறார். மற்றவர்கள் அரட்டையடித்துக்கொண்டே வருவார்கள். இவர் மட்டும் எல்லோருக்கும் முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு காலைத் தூக்கி எதிர் பெஞ்சில் நீட்டிக்கொள்வார். டீச்சர் முன்னால் காலை நீட்டுகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் கடுப்பு. வயது இருபத்து மூன்று, மரியாதை விஷயத்தில் மட்டும் எனக்கு அறுபது.

மூன்றாம் நாள் கேட்டேவிட்டேன். அவர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினார். கெண்டைக்காலில் நரம்பெல்லாம் புடைத்து நீலமாக, முடிச்சு முடிச்சாக இருந்தது. பழைய புடவையைக் கிழித்து இறுக்கிச் சுற்றியிருந்தார். இனி எட்டு மணி நேரம் நிற்கிற வேலை கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இந்தக் கம்பெனியில் ஒரு தொழிலாளி உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று வரப்போவது இன்ஸ்பெக்‌ஷன் ஒன்றுதான். அது கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். நான் வெட்கத்தில் சாக்பீஸை ஒடித்துக்கொண்டு நின்றேன். அவர் பேன்ட்டை இறக்கிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார்: "நிக்காம வேலை செய்யணும் டீச்சர். அதுக்கு எத்தினி வார்த்தை வேணுமோ, அத்தினியும் குடுங்க."

மூன்று டப்பா

நான் ஆரம்பித்தது விஸ்காசிட்டியில். ஒரு திரவம் ஓட எவ்வளவு தயங்குகிறது என்பதன் அளவு என்று தமிழில் விளக்கி, இங்கிலீஷில் இரண்டு வரி எழுதிப்போட்டு, புத்தகத்தில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். எல்லோரும் தூங்கும் கண்ணோடு பார்த்தார்கள். தசரதன் என்று ஒரு ஃபிட்டர், வாய்த்துடுக்கு ஆசாமி, "டீச்சர், ஒரு நிமிசம் வாங்க" என்று என்னை மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குள் அழைத்துப்போனார். மூன்று டப்பா எண்ணெய் இருந்தது. "எது கெட்டி, எது தண்ணி, சொல்லுங்க" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். மூன்றும் எண்ணெய், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. ஏழுமலை ஒவ்வொன்றிலும் விரலை நனைத்து, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்து, எது கியருக்கு, எது ஸ்பிண்டிலுக்கு, எது யாரோ கலப்படம் செய்தது என்று வரிசையாகச் சொல்லிவிட்டார். அதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டால் அவருக்கே விளக்கத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிகிறது என்கிறார். பட்டப்படிப்பில் நான் விஸ்காசிட்டிக்கு வாங்கிய மார்க்கை அன்று மனதுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கேன்டீனுக்குத் திரும்பும் வழியில் தசரதன் எனக்கு ஆறுதல் சொன்னார்: "பேஜார் ஆவாதீங்க டீச்சர். உங்களுக்கு பேரு தெரியும், எங்களுக்கு ஆளைத் தெரியும். ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு தேறும்."

கேட் பாஸ்

கம்பெனியில் ஒரே ஒரு டெக்னிக்கல் டிக்‌ஷனரி இருந்தது. செங்கல் மாதிரி கனம், மேனேஜர் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். ஆபீசுக்கும் கேன்டீனுக்கும் நடுவில் ஒரு கேட். ஆபீஸ் சாமான் எதுவும் அதைத் தாண்ட வேண்டுமானால் கேட் பாஸ் வேண்டும். ஒரு போல்ட்டுக்கும் அதே சட்டம், டிக்‌ஷனரிக்கும் அதே சட்டம். தினமும் நானே பாஸ் டைப் அடித்து, நானே மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி, நானே தூக்கிக்கொண்டு போவேன்.

வாட்ச்மேன் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'சாமான்: டிக்‌ஷனரி, எண்ணிக்கை: ஒன்று' என்பது போதாது என்றுவிட்டார். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டுமாம். வார்த்தைகள் இருக்கின்றன என்றேன். அதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். மாலை ஆறு மணிக்குத் திரும்பும்போது புத்தகத்தை வாங்கி, கவிழ்த்து உதறி, பக்கங்களைப் பரபரவென்று புரட்டிப் பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "போறப்போ எத்தனை வார்த்தை இருந்துச்சோ, அத்தனையும் திரும்பி வந்தாகணும்மா. அது உங்க பொறுப்பு."

ரயில் பஜனை

விளக்கினால் புரிகிறது, ஆனால் மறுநாள் நினைவில் நிற்பதில்லை. மனப்பாடம் ஒன்றே வழி என்று அவர்களே முடிவு செய்தார்கள். சாமுவேல் என்ற கிரைண்டர் ஆபரேட்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுகிறவர். ஏ-யிலிருந்து வரிசையாக எல்லா வார்த்தைக்கும் விளக்கத்துக்கும் அவர் ஒரு மெட்டுப் போட்டுவிட்டார். ஏழு பேரும் காலையில் பட்டாபிராமில் ஒரே பெட்டியில் ஏறி, தாளம் போட்டுக்கொண்டு அம்பத்தூர்வரை பாடிக்கொண்டே வருவார்கள், மிச்சம் சாயங்கால வண்டியில். நான் ஆவடியில் ஏறுவேன். பெண்கள் பெட்டி பக்கத்திலேயே இருந்ததால் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து 'டக்டிலிட்டி ஈஸ் த ப்ராபர்ட்டி' என்று ராகமாக எனக்கும் கேட்கும்.

அந்த வண்டியில் ஏற்கெனவே ஒரு பஜனைக் கோஷ்டி உண்டு. இதுவும் புதிதாக வந்த கோஷ்டி என்று ஜனங்கள் நினைத்துவிட்டார்கள். உட்கார இடம் விட்டார்கள். ஒருவர் கற்கண்டு கொடுத்தார். ஏழுமலைக்கு ஜன்னலோரம் காலை நீட்ட இடம் கிடைத்ததால் இவர்கள் யாரும் மறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, கழுத்தில் துளசிமாலை போட்ட ஒரு பெரியவர் இது எந்த சாமி மேல் பாட்டு என்று விசாரித்திருக்கிறார். பம்பு மேல் பாட்டு என்று தசரதன் உண்மையைச் சொல்லியிருக்கிறார். பெரியவர் சொன்னாராம்: "எதுவா இருந்தா இன்னாபா. ஒண்ணியும் புரியல, ஆனா மனசுக்கு இதமா கீது. நிறுத்தாம பாடு."

ஆவடி தாண்டினால்தான்

மெட்டு வெற்றி என்று நானும் மார்தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது மாதக் கடைசியில் மாதிரி இண்டர்வியூ ஒன்று வைத்தேன். முனுசாமியின் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான்தான் வெள்ளைக்காரர் என்று அறிவித்துவிட்டு, தசரதனைக் கூப்பிட்டு 'ஃப்ரிக்‌ஷன் என்றால் என்ன?' என்று இங்கிலீஷில் கேட்டேன். அவர் கண்ணை மூடினார். விரலால் தொடையில் தாளம் போட்டார். உதடு மட்டும் அசைந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. ஏ-யிலிருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் எஃப்-க்கு வர முடிகிறது. நடுவில் ஒரு வார்த்தையை நேராகப் போய்த் தொட ஏழு பேரில் ஒருவராலும் முடியவில்லை.

ஏழுமலையின் நிலைமை இன்னும் மோசம். இடையில் யாராவது தும்மினால்கூட அவர் மறுபடி ஏ-க்குப் போய்விடுவார். வெள்ளைக்காரர் ஏ-யிலிருந்து வரிசையாகவா கேட்கப்போகிறார்? பாடத்தைப் பாட்டாக்க விட்டது நான்தான். என்னால் ஒரு மனிதருடைய வேலை போகப்போகிறதே என்று அன்று கேன்டீன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன், வெங்காயம் என்று முனுசாமியிடம் பொய் சொன்னேன். எனக்குத்தான் இத்தனை அவசரம், முதலில் மாட்டிய தசரதனுக்கு அப்போது அவசரமே இல்லை. கண்ணைத் திறக்காமல் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்: "கொஞ்சம் இருங்க டீச்சர், இப்பத்தான் ஆவடில கீறேன். எஃப் அம்பத்தூர்கிட்டதான் வரும்."

காமாட்சி

ஏழுமலை இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. சனிக்கிழமை மாலை பட்டாபிராமில் இறங்கி, நெமிலிச்சேரிவரை நடந்து அவர் வீட்டைத் தேடிப்போனேன். ஒற்றை அறை. அவர் தரையில் படுத்து, இரண்டு காலையும் சுவரில் மேல்நோக்கிச் சாத்தி வைத்துக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி காமாட்சி அடுப்பங்கரையில் இருந்தார். பக்கத்தில் இரண்டு கிண்ணம். சரியாகச் சொன்னால் ஒரு கிண்ணத்தில் புளியங்கொட்டை, தடுமாறினால் இன்னொன்றில். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தினம் காதில் விழுந்து விழுந்து எல்லாம் ஏறிவிட்டிருந்தது.

நான் சும்மா இருக்க மாட்டாமல் 'கண்டக்டிவிட்டி?' என்றேன். ஏழுமலை கண்ணை மூடி ஏ-யிலிருந்து கிளம்பினார். அதற்குள் அடுப்பங்கரையிலிருந்து, ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்த கையோடு, முழு விளக்கமும் வந்தது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. ஏ-யிலிருந்து கிளம்பவும் இல்லை. ஏழுமலை பெருமையாகச் சிரித்தார்.

வழியனுப்ப வாசல்வரை வந்த காமாட்சி சிரிக்கவில்லை. ராத்திரியில் வலியில் புருஷன் பல்லைக் கடிப்பது தனக்குக் கேட்கிறது என்றும், கேட்டால் இல்லை என்கிறார் என்றும் சொன்னார். நான் காமாட்சியின் கையைப் பிடித்துக்கொண்டேன், அதற்கு மேல் என் படிப்பில் எதுவும் இல்லை. அவர் கேட்டார்: "அவுருக்கு பதிலா நானு வந்து சொன்னா ஒத்துப்பாங்களா டீச்சர்?"

பூஜையில் புத்தகம்

இண்டர்வியூ தேதி வந்தது, ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வியாழக்கிழமை ஆயுத பூஜை. தொழிற்பேட்டையில் அந்த நாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். லேத்துக்கெல்லாம் மாலை, வாசலில் பூசணிக்காய், எங்கு பார்த்தாலும் பொரி. மைக்ரோமீட்டர், ஸ்பேனர், டைப்ரைட்டர் எல்லாம் பூஜையில். நான் ஒரு பொரிப் பொட்டலத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன், ஏழு நோட்டுப் புத்தகமும் அந்த டிக்‌ஷனரியும் சந்தனம் குங்குமத்தோடு சாமி முன்னால் அடுக்கியிருந்தது. சாமுவேலின் நோட்டும் அதில் இருந்தது. நானும் சர்ச்சுக்குப் போகிறவள் என்பதால் என்னைப் பார்த்ததும், "எதுக்கும் இருக்கட்டும் சிஸ்டர்" என்று நெளிந்தார்.

பூஜையில் வைத்ததை மறுபூஜை செய்யாமல் எடுக்கக்கூடாது. மறுபூஜை மறுநாள் காலையில். ஆனால் மேனேஜர் நல்ல மனதோடு வெள்ளி, சனியையும் விடுமுறையாக்கி, ஞாயிறோடு சேர்த்து ஷாப்பைப் பூட்டி சாவியைக் கொண்டுபோய்விட்டார். திறப்பது திங்கட்கிழமை காலைதான், அன்றைக்குத்தான் இண்டர்வியூ. கடைசி நாலு நாள், ஏ-யிலிருந்து பாடாமல் நேராக வார்த்தையைத் தொடும் பயிற்சி கொடுக்க நான் திட்டம் போட்டிருந்தேன். தலையில் கையை வைத்துக்கொண்டு பொரி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "கவலைப்படாதீங்க டீச்சர். புக்கு பூஜையில கீது. ஊட்ல ஒரு புக்கு கீது, அது பூஜைக்கு வர்ல, நாலு நாளும் என்னைப் போட்டு வறுக்கும்."

மூடிய கதவு

திங்கட்கிழமை. மேனேஜர் அறையில் மேனேஜர், வெள்ளைக்காரர், தலைமை ஆபீசிலிருந்து ஒருவர். வராந்தாவில் என் டைப்ரைட்டரோடு நான். ஒவ்வொருவர் உள்ளே போகும்போதும், லேத்திலிருந்து இறக்கிய கையோடு பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்ட் ஒன்றை, பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்தார்கள். அதை மைக்ரோமீட்டரில் அளந்து, டிராயிங்கோடு ஒப்பிட்டு, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும், அப்புறம் கேள்வி. ஆளுக்குப் பத்து நிமிஷம். தசரதன் வெளியே வந்து, எலாஸ்டிசிட்டிவரை பாடிக்கொண்டு போனதாகவும், வெள்ளைக்காரர் கையைக் காட்டி நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். சாமுவேல் வந்தார். மற்றவர்கள் வந்தார்கள். கடைசியாக ஏழுமலை உள்ளே போனார்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் டைப் அடித்த கடிதத்தில் ஒரே வரியை மூன்று தடவை அடித்திருந்தேன். அரை மணி ஆனபோது, டீ கொண்டுபோன பியூன் கோவிந்தன் திரும்பி வந்தான். ஓடிப்போய் என்ன நடக்கிறது என்று கேட்டேன். "யாருமே பேசல, நாலு பேரும் மேஜையச் சுத்திக் குந்திகினு கீறாங்க" என்றான். ஏ-க்குப் போய்விட்டார், யாரோ தும்மிவிட்டார்கள், மறுபடி மறுபடி ஏ-யிலிருந்து கிளம்பிக்கொண்டிருக்கிறார், அவர்களும் பாவம் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மாதாவே, ஒரு வார்த்தையாவது அவர் வாயில் வரட்டும் என்று ஜெபமாலையைப் பைக்குள்ளேயே உருட்டினேன்.

முக்கால் மணி கழித்துக் கதவு திறந்தது. முதலில் வந்தவர் மேனேஜர். முகம் கடுகடுவென்று நேராக ஷாப் பக்கம் போய்விட்டார். பின்னால் வெள்ளைக்காரர், ஏழுமலையின் தோளில் கை வைத்துக்கொண்டு. பிற்பாடு தலைமை ஆபீஸ்காரர் சொல்லித்தான் நடந்தது தெரிந்தது. மற்ற ஆறு பேரும் ஷாஃப்ட்டை எடுத்தவுடன் அளந்து, அளவு சரி என்று சொல்லிவிட்டார்கள். பரீட்சை என்றதும் கை பழகினதையெல்லாம் மறந்து, வாய் பாடத்தைத் தேடிப் போய்விட்டது. ஏழுமலை மட்டும் பனியன் வேஸ்ட்டைப் பிரித்து, ஷாஃப்ட்டை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்து, சூடு ஆறவில்லை என்று திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டாராம். "தெர்மல் எக்ஸ்பான்ஷன், சார். வெயிட், சார்," என்றாராம். எவ்வளவு நேரம் என்று மேனேஜர் அதட்டலாகக் கேட்க, அரை மணி என்று விரலால் காட்டினாராம். வெள்ளைக்காரர் ஒரு நாற்காலியைக் காட்டி அவரை உட்காரச் சொல்லி, தானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஃபேன் காற்றில் ஷாஃப்ட் ஆறும்வரை நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஆறியபிறகு அளந்தால், சூட்டில் சரியாகக் காட்டியிருக்கக்கூடியது இப்போது டிராயிங்கை விடச் சிறுத்திருந்தது. "ரிஜெக்ட், சார்," என்றாராம் ஏழுமலை. வெள்ளைக்காரர் தானே வாங்கி அளந்து பார்த்துத் தலையை ஆட்டினாராம். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வேலை அவருக்குத்தான் என்று அன்று மாலையே தெரிந்துவிட்டது. சாமுவேலுக்கும் இன்னொருவருக்கும் மற்ற இரண்டு இடம். தசரதனுக்குக் கிடைக்கவில்லை, ஆனாலும் ஏழுமலையைத் தூக்கிக்கொண்டு கேன்டீனைச் சுற்றியது அவர்தான். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது, இந்தத் தடவை வெங்காயம் என்று சொல்லவில்லை. தெர்மல் எக்ஸ்பான்ஷன், அதாவது சூட்டில் பொருள் விரிவது என்பதற்கு நான் வகுப்பில் சொன்ன உதாரணம் ரயில் தண்டவாள இடைவெளி. ஷாஃப்ட்டைப் பற்றி எனக்கே தெரியாது. மற்ற வார்த்தையெல்லாம் என்ன ஆயிற்று, அந்த அரை மணியில் பயமாக இல்லையா என்று கேட்டேன். ஏழுமலை நெற்றியைத் துடைத்துக்கொண்டு, ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி தயங்கிச் சொன்னார்: "மத்ததெல்லாம் உள்ள போனதும் மறந்துட்ச்சி டீச்சர். சூடா கீற சாமானை அளந்து சொன்னா பொய்யி ஆயிடும்னு மட்டும் தெரிஞ்சிது. காமாட்சி கேட்டா, எல்லாத்தியும் சொன்னேன்னு சொல்லிடுங்க."

முன்னூறு வார்த்தைகளைத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்த எனக்கு, தேவைப்பட்டது இரண்டு வார்த்தையும் அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பதும்தான் என்பது வகுப்பெல்லாம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.